கங்காணியின் நோட்டுப் புத்தகம்

ஒரு பகடியில் ஆரம்பித்தது. கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் மரத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள். அதனடியில் நின்று வழக்கமான கதையைச் சொல்லி முடித்திருந்தேன். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து 70,000 விதைகளை லண்டனுக்குக் கொண்டுபோனது, கியூ தோட்டத்தில் அவற்றில் சிறு பங்கு மட்டும் முளைத்தது, 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தது, அவற்றில் 9 கன்றுகள் கோலகங்சாருக்கு வந்து, பேராக்கின் ரெசிடெண்ட் ஹியூ லோவின் வளாகத்தில் நடப்பட்டது. "உங்களைப் போலவே இந்த மரமும் கப்பலில் பாதி உலகத்தைச் சுற்றித்தான் இங்கே வந்தது" என்று முடிப்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அன்றும் சிரித்தார்கள்.

நான் சுற்றுலா வழிகாட்டி. உலகம் சுற்றும் கப்பல்கள் பினாங்கு சுவெட்டன்ஹம் துறையில் காலையில் கட்டி இரவில் அவிழ்த்துக்கொண்டு போகும். அதற்குள் பேராக்கைப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களைப் பேருந்தில் ஏற்றி, கோலகங்சார், ஈப்போ, பத்து காஜா என்று காட்டித் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பேன். அன்று வந்தவர்கள் 28 பேர். எல்லாரும் ஓய்வுபெற்றவர்கள். அவர்களோடு இன்னொரு அம்மாவும் வந்திருந்தார். எழுபதை நெருங்கும் வயது. அவர் சாதாரணப் பயணியும் இல்லை, கப்பல் சம்பளக்காரரும் இல்லை. தன் ஊரிலும் சுற்றுப்பட்டிலும் தெரிந்தவர்களைத் திரட்டி, 120 நாள் பயணத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார். யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காது கேட்காது, யார் யாரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. இத்தனை பேரைச் சேர்த்தால் சேர்த்தவருக்கு இடம் இலவசம் என்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அப்படித்தான் அவர் உலகத்தைச் சுற்றுகிறார்.

மரத்தடியில் ஒரு பெரியவர் கேட்டார். "இந்த மரங்களில் பால் எடுக்க ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்?"

"தமிழ்நாட்டிலிருந்து. என் குடும்பமும் அப்படித்தான்."

"யார் கூட்டி வந்தது?"

கங்காணி என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? மேஸ்திரி, ஆள்பிடிக்கிறவன், மேற்பார்வையாளன், கடன் கொடுப்பவன் எல்லாம் சேர்ந்த ஒரு சொல் அது. சட்டென்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்த அம்மாவைக் கைகாட்டி, "இவங்களை மாதிரி ஒருத்தர்."

பேருந்தே சிரித்தது. அந்த அம்மாவும் சிரித்தார். நான்தான் அதற்கப்புறம் ஈப்போ வரைக்கும் சரியாகப் பேசவில்லை.

காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கூட்டி வந்தவர் என் அம்மாவின் தாத்தா. பத்து காஜாவுக்கு அருகே ஒரு தோட்டத்தில் பால் வெட்டப் போனவர், சில வருஷத்தில் துரையின் நம்பிக்கையைப் பெற்று, ஆள் சேர்க்கும் லைசென்ஸோடு திருச்சிப் பக்கம் இருந்த சொந்த ஊருக்குத் திரும்பிப் போனார். 1927இல் 27 பேரோடு ரஜூலா கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கினார். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் யாராவது ஒரு பெரிசு இதைச் சொல்லாமல் இருக்காது. "27 பேரக் கூட்டியாந்து சோறு போட்ட குடும்பம்டா இது." சின்ன வயதில் அதைக் கேட்க எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கங்காணி முறையைப் பற்றி நம்மில் பலர் கதைகளில் படித்திருப்போம். அதன் கணக்கு எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1910இல் மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது நிறுத்தப்பட்ட பிறகு, கங்காணி வழியாக ஆள் சேர்ப்பதுதான் பிரதானமாக நின்றது. 1907இல் சட்டமாகி உருவான தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் கட்டினார்கள். கப்பல் கூலியும், ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் ஆன செலவும் அதிலிருந்து போயின. ஆகவே காகிதத்தில் வந்தவர்கள் சுதந்திரமான ஆட்கள். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை விடலாம். ஆனால் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அவர் ஆள் ஒருவன் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குச் சில காசு. ஆள் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கும் நஷ்டம். விடியற்காலை பெரட்டுக்கு ஒருத்தன் வராவிட்டால், அக்கறையோடு லைன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவரும் அதட்டி எழுப்புகிறவரும் ஒரே மனிதர். எது அக்கறை, எது அதட்டல் என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஈப்போவில் சாப்பாடு முடிந்து கெல்லி மாளிகைக்குப் போனோம். அங்கே என் பேச்சு நன்றாக எடுபடும். ஸ்காட்லாந்திலிருந்து வந்த வில்லியம் கெல்லி ஸ்மித் ரப்பரில் சம்பாதித்து 1915இல் கட்டத் தொடங்கிய வீடு. மெட்ராஸிலிருந்து வந்த கொத்தனார்கள், இந்தியாவிலிருந்து வந்த செங்கல், மலாயாவிலேயே முதல் லிஃப்டுக்காக விட்ட இடம், 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் அவர் இறந்துபோனதால் முடியாமல் நின்றுவிட்ட மாடிகள். பிறகு பேய்க் கதை. அதைத்தான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள்.

நடுவில் ஒரு விஷயத்தை ஒரே வாக்கியத்தில் கடந்துவிடுவேன். முதல் உலகப்போர் முடியும் நேரத்தில் பரவிய விஷக்காய்ச்சலில் அந்த வேலையாட்களில் பலர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் கேட்டுக்கொண்டதால் பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் கூரையில் தெய்வங்களோடு கோட்டும் தொப்பியும் போட்ட துரையின் சிலையும் நிற்கிறது. நான் சிலையைச் சொல்வேன், சிரிப்பு வரும். செத்தவர்களை வேகமாகக் கடப்பேன். வேலை கொடுக்கும் ஏஜென்சியில் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள்: "கெஸ்ட் மனசு கஷ்டப்படக் கூடாது."

இது வெறும் வியாபார விதி என்று தள்ளிவிட முடியவில்லை. நம்முடைய மரபிலும் இதற்கு இடம் இருக்கிறது. திருக்குறளில் 9வது அதிகாரம் விருந்தோம்பல். அதற்கு அடுத்ததே இனியவை கூறல். இரண்டும் இல்லறத்தில் வருகின்றன. வாய்மைக்குத் துறவறத்தில் 30வது அதிகாரம் வரை காத்திருக்க வேண்டும். அங்கேயும் பிறருக்குத் தீங்கு தராத சொல்தான் வாய்மை என்று வள்ளுவர் ஆரம்பிக்கிறார். இந்த வரிசையில் பெரிய ஞானம் இருப்பதாக ரொம்ப நாள் நினைத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவன் இலையில் உட்கார்ந்திருக்கும்போது நிலத் தகராறைப் பேசுவோமா?

ஆனால் இனியவை கூறுவதில் கங்காணிகளை மிஞ்ச ஆளில்லை. வெள்ளை வேட்டியும் கடுக்கனுமாக ஊருக்கு வந்து, காவிரிக்கு அப்பால் பசி இல்லாத ஒரு நாடு இருப்பதாகப் பேசினார்கள். அது முழுப்பொய்யும் இல்லை. ஊரில் பஞ்சமும் கடனும் சாதியும் கழுத்தை நெரித்தபோது அந்தப் பேச்சு ஒரு கதவு. பாம்பு, மலேரியா, கணக்குப் புத்தகம் ஆகிய மூன்றை மட்டும் சொல்லாமல் விட்டார்கள். விருந்தாளியின் மனம் நோகாமல் இருக்கச் சொல்லாமல் விடுவது ஒன்று. அவன் கிளம்பி வரவேண்டும் என்பதற்காகச் சொல்லாமல் விடுவது இன்னொன்று. சொல்லாமல் விட்டது எவனுடைய முடிவைப் பாதிக்கிறதோ அவனுக்கு அது தீங்கு செய்த சொல்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

திரும்பும் வழியில் அந்த அம்மா என் பக்கத்து இருக்கைக்கு வந்தார். கையில் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். ஆட்களை எண்ணிக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் காட்டினார். பெயர், அறை எண், மாத்திரை, பிறந்தநாள், ஆபத்தென்றால் யாருக்குப் போன் செய்ய வேண்டும். ஒரு பெயருக்கு மேல் கோடு, பக்கத்தில் தேதி. கொழும்புக்கு முன்னால் ஒரு ராத்திரி அந்தப் பெரியவர் தூக்கத்திலேயே போய்விட்டார். மனைவியை இவர்தான் கூடவே இருந்து விமானம் ஏற்றி அனுப்பினார். "30 பேரோடு கிளம்பினேன். இன்னமும் எண்ணும்போது 30 வரைக்கும் போய்விடுகிறேன்" என்றார். அந்த மனைவியின் பெயருக்கு நேரே எழுதியிருந்த சொல்லைப் படித்தேன். 'இறங்கினார்.'

எங்கள் வீட்டிலும் ஒரு நோட்டு இருக்கிறது. தோட்டம் கைமாறி, கித்தா மரங்கள் சாய்ந்து செம்பனை வந்து, லைன் வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது, அம்மா தூக்கிக்கொண்டு வந்த ட்ரங்குப் பெட்டியில் அதுவும் வந்தது. பாதி கரையான் தின்றது. மிஞ்சிய பக்கங்களில் 27 பெயர்கள், ஊர், தொகை. கப்பல் கூலி இலவசம் என்றால் கடன் எங்கிருந்து வந்தது? ஊரில் அடைத்த பழைய கடன், வேட்டி, சட்டி பானை, முதல் மாத அரிசி என்று வந்தது. ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் மூன்று சொற்களில் ஒன்று. 'தீர்ந்தது', 'செத்தான்', 'ஓடினான்'. தீர்ந்தது என்று இருப்பவை நான்கே நான்கு.

இரண்டு நோட்டுகளும் என் மனதில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. என்ன வித்தியாசம்?

அன்பு என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் என் கொள்ளுத்தாத்தாவுக்கு அன்பு இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வேன்? பிரசவம் பார்க்க ஆள் கூப்பிட்டதும், பிணத்துக்குத் தோள் கொடுத்ததும், கோயில் திருவிழாவுக்கு முன்னே நின்றதும் அவர்தான். பணம்தான் வித்தியாசம் என்றும் சொல்ல முடியாது. அந்த அம்மாவுக்கும் தலைக்கணக்குத்தான். ஆர்லி ஹாக்‌ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983இல் விமானப் பணிப்பெண்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். சிரிப்பும் கனிவும்கூட உழைப்புத்தான், அதையும் முதலாளி வாங்கி விற்கிறான் என்பது அவர் கண்டது. எனக்கு அது புரிகிறது. மாலை ஐந்து மணிக்கு என் முகத்தில் இருக்கும் சிரிப்பு என்னுடையதா ஏஜென்சியுடையதா என்று நானே யோசித்திருக்கிறேன். ஆனால் காசு வாங்கியதாலேயே அக்கறை பொய்யாகிவிடாது. கிளினிக்கில் என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்ளும் நர்ஸ் சம்பளத்துக்குத்தான் வருகிறார். அந்தப் பிடி பொய் இல்லை.

எனக்குக் கிடைத்த பதில் அந்த இரண்டு வினைச்சொற்களில் இருந்தது. இறங்கினார், ஓடினான். செய்தது ஒரே காரியம். கூட்டத்தை விட்டுப் போனார்கள். ஒருவர் போனபோது கூட்டி வந்தவர் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தார். இன்னொருவன் போனபோது அது குற்றமாக எழுதப்பட்டது. சட்டம் ஒரு மாத முன்னறிவிப்பு என்று சொல்லிக்கொண்டிருந்த அதே காலத்தில், லைன் வீட்டு நோட்டில் விலகுவதற்கு ஓடுவது என்றுதான் பெயர். விருந்தோம்பலை வரவேற்பை வைத்து அளக்கிறோம். எப்படி அழைத்தார், என்ன பரிமாறினார், எவ்வளவு வற்புறுத்தினார். வந்தவன் எழுந்து போகிறேன் என்று சொல்லும்போது வீட்டுக்காரனின் முகம் எப்படி மாறுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பார்த்துக்கொள்வதும் பிடித்துவைத்திருப்பதும் அந்த இடத்தில்தான் பிரிகின்றன.

இதைக் கண்டுபிடித்த திருப்தியோடு அன்று நான் வீடு திரும்பியிருந்தால் கட்டுரை சுபமாக முடிந்திருக்கும். இரவு துறைமுகத்தில் ஒரு தம்பியைப் பார்த்தேன். அதே கப்பலில் வேலை செய்பவன். வைஃபை கிடைக்கும் இடம் தேடி வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தான். தமிழ் காதில் விழுந்ததும் நின்றேன். தூத்துக்குடிப் பையன். எட்டு மாத கான்ட்ராக்ட், ஐந்து மாதம் ஓடியிருக்கிறது.

"எப்புடி இருக்கு தம்பி வேலை?"

"சாப்பாடு, தங்குறது எல்லாம் நல்லாத்தாண்ணே இருக்கு. ஏஜெண்டுக்குக் குடுத்த காசுதான் இன்னும் அடையல. நடுவுல விட்டுட்டுப் போனா டிக்கெட்டும் நம்ம காசுல எடுக்கணும்."

ஏஜெண்ட் யார் என்று கேட்டேன். சொந்தக்கார மாமா வழியாகப் பிடித்த ஆள் என்றான். கடலோடிகளிடம் வேலைக்குச் சேர்க்கக் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை சொல்கிறது. 2013இல் அமலுக்கும் வந்துவிட்டது. அவனிடம் அதைச் சொன்னேன். "அப்புடியாண்ணே" என்று மரியாதைக்குக் கேட்டுக்கொண்டான்.

பயணிகளுக்கான உலகச் சுற்றுக் கப்பல் 1922 நவம்பரில் நியூயார்க்கிலிருந்து கிளம்பியது. லகோனியா என்று பெயர், 130 நாள். ரஜூலா ஓட ஆரம்பித்தது 1926இல். அதன் மேல்தளத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்ற அனுமதி இருந்தது. இரண்டும் வேறு வேறு கப்பல்கள் என்றே அதுவரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவின் நோட்டில் கடன் என்ற பத்தி இல்லாததைப் பார்த்து மகிழ்ந்தேன் அல்லவா? அந்தப் பத்தி ஒழியவில்லை. படுக்கை விரிக்கிறவனின் மாமா வீட்டு நோட்டுக்குப் போயிருக்கிறது. அந்த அம்மாவுக்கு இது தெரியாது. தெரியாதது அவர் தப்பும் இல்லை. 30 பேரைப் பார்த்துக்கொள்வதே அவருக்கு முழுநாள் வேலை.

என்னுடைய நோட்டும் சுத்தம் இல்லை. ஈப்போவில் நான் பேருந்தை நிறுத்தும் பிஸ்கட் கடையில் எனக்குத் தலைக்குக் கமிஷன் உண்டு. இப்போது இறங்குவதற்கு முன்னால் அதைச் சொல்லிவிடுகிறேன். "இங்கே வாங்கினால் எனக்குக் கொஞ்சம் கிடைக்கும். அடுத்த தெருவிலும் இதே பிஸ்கட் இருக்கிறது." சிலர் அடுத்த தெருவுக்குப் போகிறார்கள். கெல்லி மாளிகையில் செத்தவர்களை அவசரமாகக் கடப்பதில்லை. கோயில் ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் துரையின் தொப்பிக்குப் போகிறேன். கோலகங்சாரில், எங்களைக் கூட்டி வந்தது யார் என்று கேட்டால், என் கொள்ளுத்தாத்தா என்றே சொல்கிறேன். ஏஜென்சியில் இரண்டு தடவை பேசினார்கள். அழைப்பும் குறைந்திருக்கிறது. முழுசாக நிற்கவில்லை. இதையெல்லாம் தியாகம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. "அவரு கூட்டியாரலன்னா நீ எங்க இருந்திருப்ப? ஊருக்குச் சோறு போட்டவரப் போயி வெள்ளக்காரன்கிட்ட..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் அம்மாதான் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். 'ஓடினான்' என்று எழுதியிருந்த ஒருவர். அவருடைய மகள் சுங்கை சிப்புட்டில் இருப்பதாகவும், அந்தக் குடும்பத்தோடு நமக்குப் பேச்சுவார்த்தை கிடையாது என்றும் சொன்னார். ஏன் என்று கேட்டேன். "அவுங்க ஏமாத்திட்டுப் போனவங்க" என்றார். தொண்ணூறு வருஷத்துக்கு மேல் அந்த ஒரு சொல்லை எங்கள் குடும்பம் காப்பாற்றி வந்திருக்கிறது.

போன மாதம் அந்த வீட்டைத் தேடிப் போனேன். பாட்டிக்கு எண்பதுக்கு மேல். யார் வீட்டுப் பிள்ளை என்று சொன்னதும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நோட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படமெடுத்து வைத்திருந்தேன். பேத்தி வாங்கிப் படித்துக் காட்டியது.

"ஓடினான்னா எழுதிருக்கு?" என்றார் பாட்டி. "எங்கப்பா நடந்துதான் வந்தேன்னு சொல்லுவாரு. பத்து காஜாவுலருந்து ரயில் தண்டவாளத்தப் புடிச்சே ரெண்டு ராத்திரி. எங்கம்மா கையப் புடிச்சிக்கிட்டு."

நான் ஒன்றும் பேசவில்லை.

"எவ்ளோ பாக்கி போட்டுருக்காரு ஒங்க தாத்தா?"

"பதினெட்டு ரூவா, பாட்டி."

"இப்ப எடுத்தாரவா?"

சிரித்தார். பேத்தியும் சிரித்தது. எனக்குச் சிரிக்க முடியவில்லை. மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பாட்டி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். வெந்நீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. கிளம்புகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன்.

"போலாம், போலாம். ஒன்ன யாரு புடிச்சி வச்சிருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "சாப்பிட்டுப் போ."